காவிரியை எத்தனை கட்டங்களாகப் பிரிப்பது?

ஒரு வடிநிலத்தில் பெய்யும் மழை முழுவதும் ஆற்றுக்கு வந்து சேர்வதில்லை. கொஞ்சம் இலைகளில் தங்கி அப்படியே ஆவியாகிவிடுகிறது. மண் குடித்ததில் ஒரு பங்கைப் பயிரும் மரமும் உறிஞ்சிக் காற்றுக்கு விடுகின்றன. இன்னொரு பங்கு ஆழத்துக்கு இறங்கி, வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ கழித்து ஊற்றாகக் கசிந்து ஆற்றை அடைகிறது. மண் ஏற்காமல் விட்டது மட்டும் சரிவில் உருண்டோடி, ஓடையில் விழுந்து, சில மணி நேரத்தில் வெள்ளமாகத் தலைகாட்டுகிறது. வடிநில நீரியல் மாதிரி என்பது இந்த வரவு செலவை மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஏற்பாடு. பெய்த மழை, ஆவியானது, ஓடியது, தேங்கியது ஆகிய நான்கும் ஒவ்வொரு நிலத்துண்டிலும் ஒவ்வொரு வேளையும் நேராக வேண்டும்.

சமன்பாடுகளைவிட அதிகத் தலைவலி தருவது அதற்கு முன்னால் எடுக்க வேண்டிய ஒரு முடிவு. இந்தக் கணக்கை எவ்வளவு பெரிய நிலத்துண்டுக்கு எழுதுவது? வடிநிலம் முழுவதற்கும் ஒரே கணக்கு போதுமா, தாலுகா அளவுத் துண்டுகளா, வயல் அளவுக் கட்டங்களா? இந்தத் துண்டின் அளவைத்தான் நீரியலாளர்கள் இடப் பிரிதிறன் என்கிறார்கள். கணினியின் வலு கூடக்கூடக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. அதே அளவுக்கு விடை சரியாகியிருக்கிறதா என்பதில்தான் இந்தத் துறையில் இன்றும் சண்டை.

தொடக்கத்தில் கட்டம் என்ற பேச்சே இல்லை. 1851இல் அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி, மழையின் வேகத்தையும் வடிநிலப் பரப்பையும் ஒரு விகித எண்ணையும் பெருக்கினால் உச்ச வெள்ளம் கிடைக்கும் என்றார். சிறு பாலங்களுக்கும் மழைநீர் வடிகால்களுக்கும் இன்றைக்கும் அந்தக் கணக்குதான். 1932இல் அமெரிக்கர் லிராய் ஷெர்மன், ஒரு அலகு மழைக்கு ஆறு எப்படி ஏறி எப்படி வடிகிறது என்பதை ஒரு வளைகோடாக வரைந்து, பெரிய மழைகளையும் அதைக் கொண்டே கணிக்க வழி சொன்னார். கணினி வந்த பிறகு, 1966இல், நார்மன் கிராஃபோர்டும் ரே லின்ஸ்லியும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முழு நீர்ச்சுழற்சியையும் கணக்கிடும் மாதிரியை வெளியிட்டார்கள். அதில் ஒரு வடிநிலம் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த சில தொட்டிகள்தான். மேல் தொட்டி நிரம்பினால் வழியும், கீழ்த் தொட்டி மெல்லக் கசியும். மலை எங்கே, சமவெளி எங்கே என்பது மாதிரிக்குத் தெரியாது.

இது பிடிக்காத ஆலன் ஃப்ரீஸும் ஹார்லனும் 1969இல் கனடாவிலிருந்து ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். வடிநிலத்தைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் மண்ணுக்குள் நீர் நகரும் இயற்பியலை நேரடியாகக் கணக்கிட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. அன்றைய கணினிகளால் அதைத் தாங்க முடியவில்லை. பிரிட்டன், டென்மார்க், பிரான்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 'ஷீ' என்ற ஐரோப்பிய மாதிரி 1986இல் கட்டுரைகளாக வெளிவந்தபோதுதான் அந்த யோசனைக்கு முழு உருவம் கிடைத்தது.

கட்ட அளவை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கக் காவிரியைவிட நல்ல ஆறு கிடைப்பது கடினம். குடகு மலையில் தொடங்கிப் பூம்புகார் வரை 800 கி.மீ. ஓடுகிறது. வடிநிலம் 81,155 சதுர கி.மீ.; கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி நான்கிலும் அதற்குப் பங்கு உண்டு. ஒரு பாகைக்கு ஒரு பாகை என்று கட்டம் போட்டால், இந்த அட்சரேகையில் ஒரு கட்டம் ஏறத்தாழ 12,000 சதுர கி.மீ. வரும், காவிரி முழுவதும் ஏழு கட்டங்களில் முடிந்துவிடும். கால் பாகைக் கட்டம் பக்கத்துக்குச் சுமார் 28 கி.மீ., பரப்பு 750 சதுர கி.மீ.; நூற்றுப்பத்துக் கட்டங்கள் தேவைப்படும். ஒரு கி.மீ. கட்டமானால் 81,000. தொண்ணூறு மீட்டரானால் ஒரு கோடி. முப்பது மீட்டருக்கு இறங்கினால் ஒன்பது கோடி.

இந்தத் தொண்ணூறும் முப்பதும் யாரோ வசதிக்காகச் சொன்ன எண்கள் இல்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள் பறந்து, ரேடார் கொண்டு பூமியின் மேடு பள்ளங்களை அளந்து வந்தது. அந்தத் தரவு முதலில் 90 மீட்டர் கட்டங்களாக வெளியிடப்பட்டது; இந்தியா போன்ற நாடுகளுக்கான 30 மீட்டர் தரவு 2014-15 வாக்கில்தான் பொதுவெளிக்கு வந்தது. உலகின் எத்தனையோ வடிநில மாதிரிகள் இந்தப் பதினொரு நாள் பறப்பின் மேல்தான் நிற்கின்றன.

கட்டம் பெரிதானால் முதலில் காணாமல் போவது சரிவு. நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 25 கி.மீ. தள்ளியிருக்கும் மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவுதான். இரண்டும் பவானியின் வடிநிலத்தில் இருப்பவை. முப்பது மீட்டர் கட்டத்தில் இந்த இறக்கம் செங்குத்துப் பாறைகளும், தேயிலை மேடுகளும், அருவி விழும் பள்ளங்களுமாகத் தெரியும். கால் பாகைக் கட்டத்திலோ உச்சியும் அடிவாரமும் ஒரே சராசரி உயரமாகக் கரைந்து, பக்கத்துக் கட்டத்தை நோக்கிச் சாதுவாகச் சாயும் ஒரு பீடபூமி மிஞ்சுகிறது. சரிவு குறைந்தால் நீர் மெதுவாக ஓடும், மண்ணில் இறங்க நேரம் கிடைக்கும், வெள்ளத்தின் உச்சி தாழும். மாதிரியில் உள்ள எந்தச் சமன்பாடும் தப்பில்லாமலே விடை மாறிவிடும்.

அடுத்தது எல்லை. காவிரியின் மூலம் மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை ஒட்டியே இருக்கிறது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழும் துளி வங்காள விரிகுடாவுக்கு வருகிறது. அந்தப் பக்கம் விழுவது அரபிக்கடலுக்குப் போகிறது. 28 கி.மீ. கட்டம் இந்த முகட்டின் இரு பக்கமும் கால் பரப்பி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டத்தின் நீரை எந்த ஆற்றுக்குச் சேர்ப்பது? பெரும்பகுதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று முடிவு செய்தால் பிழை சின்னதாகத் தோன்றும். ஆனால் வடிநிலம் முழுவதிலும் அதிக மழை பெறும் இடம் அந்த முகடுதான். வறண்ட சமவெளிப் பக்கம் ஒரு கட்டம் விடுபட்டால் மேட்டூர் அணைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. முகட்டில் ஒரு கட்டம் தப்பான கடலுக்குப் போய்விட்டால் அணையின் கணக்கே தள்ளாடும். பரப்பில் ஒரு சதவீதப் பிழை, நீரில் ஒரு சதவீதப் பிழை ஆகாது.

ஆற்றின் நீளமும் சுருங்குகிறது. வளைந்து வளைந்து ஓடும் ஆறு பெரிய கட்டங்களில் மையத்திலிருந்து மையத்துக்கு இழுத்த கோடாகிவிடுகிறது. வெள்ளம் உண்மையைவிட முன்னதாகவே வந்து சேரும். இதைச் சரிக்கட்ட மாதிரி செய்பவர்கள் நீளத்தை ஒரு விகிதத்தால் பெருக்கிக்கொள்வது வழக்கம். அல்லது ஆற்றை மட்டும் நுண்ணிய வரைபடத்திலிருந்து தனியாக எடுத்து, கட்டங்களின் மேல் பதித்துவிடுவார்கள். மோயாறு போன்ற ஒடுங்கிய பள்ளத்தாக்கு பெரிய கட்டங்களில் அடையாளமே இல்லாமல் போய்விடும் என்பதால் இரண்டாவது வழிதான் நம்பத்தக்கது.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் மழை. மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது; கிழக்கே நேர்கோட்டில் நூறு கி.மீ. அளவில் இருக்கும் மைசூரில் 800 மி.மீ. அளவுதான். இது ஆண்டுச் சராசரி. ஒரு நாள் மழையை எடுத்தால் வேறுபாடு இன்னும் கொடியது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் மேற்கே உள்ள அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. முப்பது கி.மீ. சொச்சம் கிழக்கே, மலையின் மறைவில் இருக்கும் கோத்தகிரியில் அதில் ஒரு சிறு பங்குதான். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்துச் சராசரி எடுத்தால், எந்த ஊரிலும் பெய்யாத ஒரு மழை கிடைக்கும்.

சராசரி எடுப்பதால் மொத்த மழை மாறாதே, பிறகென்ன என்று கேட்கலாம். மழை மாறாது, ஓடும் நீர் மாறிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1954இல் கொண்டுவந்த வளைவு எண் முறை, பெய்த மழையில் எவ்வளவு ஓடும் என்பதைச் சொல்லும் எளிய சூத்திரம். இந்தியப் பொறியாளர்களுக்கு நன்கு பழக்கமானது. வளைவு எண் 75 உள்ள 750 சதுர கி.மீ. கட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டால், கட்டம் முழுவதும் சீராக 50 மி.மீ. பெய்யும்போது ஓடும் நீர் சுமார் 9 மி.மீ. அதே மழை கட்டத்தின் ஒரு பாதியில் 100 மி.மீ. ஆகவும் மறு பாதியில் ஒன்றுமில்லாமலும் பெய்தால், கட்டம் முழுவதற்குமான ஓட்டம் 20 மி.மீ.யைத் தாண்டுகிறது. முதல் கணக்கில் கால் டி.எம்.சி., இரண்டாவதில் அரை டி.எம்.சி.க்கும் கூடுதல். பெய்த நீர் இரண்டிலும் ஒரே அளவு. மண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகே மிச்சத்தை விடுகிறது என்பதால், ஒரே இடத்தில் குவியும் மழை பரவலான மழையைவிட அதிகம் ஓடும். மண் வகைக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் இதே கதைதான். பாதிக் காடும் பாதி நகரமுமாக உள்ள கட்டத்தைச் 'சராசரி நிலம்' என்று எழுதினால், அது காடாகவும் நடக்காது, நகரமாகவும் நடக்காது.

அப்படியானால் கட்டத்தைச் சிறிதாக்குவதுதான் ஒரே வழியா? நீரியலாளர்கள் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். கட்டத்தைப் பெரிதாகவே விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் வேறுபாட்டை ஒரு புள்ளியியல் வளைவாக எழுதிக்கொள்வது அது. 1979இல் கீத் பெவனும் மைக் கிர்க்பியும் உருவாக்கிய 'டாப்மாடல்' நிலத்தின் சரிவையும் மேலிருந்து வடியும் பரப்பையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிடுகிறது. ஒரே குறியீடு உள்ள இடங்கள் எங்கிருந்தாலும் ஒரே மாதிரி நனையும் என்று எடுத்துக்கொள்கிறது. 1994இல் ஷூ லியாங், டென்னிஸ் லெட்டன்மையர் முதலியோர் வெளியிட்ட 'விக்' மாதிரியில், ஒரு கட்டத்தின் மண் எல்லா இடத்திலும் ஒரே அளவு நீர் கொள்ளாது. எத்தனை பங்கு நிலம் எவ்வளவு கொள்ளும் என்பது ஒரு வளைவாக உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. மழை பெய்யப் பெய்ய, கட்டத்தில் நிரம்பிய பங்கு மெல்ல விரியும். டெக்சஸில் அமெரிக்க வேளாண் துறையின் ஜெஃப் அர்னால்டு குழுவினர் உருவாக்கிய 'ஸ்வாட்' மாதிரியோ சதுரக் கட்டத்தையே கைவிட்டது. துணை வடிநிலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே மண், ஒரே பயிர், ஒரே சரிவு உள்ள நிலங்களை ஒரு கணக்காகச் சேர்த்துவிடும். காவிரி உட்பட இந்திய வடிநிலங்களில் மிகப் பரவலாக ஓட்டப்படுவது இதுதான்.

இங்கே பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. கட்டத்தின் அளவை மாற்றுவது படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது போன்ற வேலை இல்லை. கட்டம் மாறினால் எழுத வேண்டிய இயற்பியலே மாறுகிறது. 'விக்' மாதிரியில் ஒரு கட்டத்தின் நிலத்தடி நீர் பக்கத்துக் கட்டத்துக்கு நகராது. 28 கி.மீ. கட்டத்தில் அது நியாயம்தான், அவ்வளவு தூரம் மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர்வது சொற்பம். அதே மாதிரியை நூறு மீட்டர் கட்டத்தில் ஓட்டினால், குன்றின் நீர் பள்ளத்தை நனைக்காமல் குன்றிலேயே நின்றுவிடும். மேட்டில் சோளமும் பள்ளத்தில் நெல்லும் போடும் விவசாயிக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியாமல் போகும். சிறிய கட்டத்துக்கு இறங்குகிறவர் பக்கவாட்டு ஓட்டத்தையும் எழுதியாக வேண்டும். மறுபுறம், ஆய்வகத்தில் ஒரு மண் குழாயில் சரிபார்த்த சமன்பாட்டை ஒரு கி.மீ. கட்டத்துக்கு அப்படியே பொருத்துவதற்கும் நியாயம் கிடையாது. எலி வளையும், வேர் விட்ட ஓட்டையும், வெடித்த கரிசலும் சேர்ந்த நிலத்தில் நீர் அந்தக் குழாயில் இறங்கியதுபோல் இறங்குவதில்லை. இயற்பியல் மாதிரிகள் என்று பெயர் பெற்றவை உண்மையில் பெரிய கட்டத்தில் ஓட்டிய தொட்டி மாதிரிகள்தாம் என்று 1989இல் பெவன் எழுதியது இதனால்தான்.

நுண்ணிய கட்டத்துக்கு நுண்ணிய தரவும் வேண்டும். இந்திய வானிலைத் துறை நாடு முழுவதுக்குமான தினசரி மழையைக் கால் பாகைக் கட்டங்களில் தருகிறது. 1901 முதல் தொடரும் இந்தத் தொகுப்புக்கு 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகள் பயன்பட்டன. எல்லா நிலையமும் எல்லா ஆண்டும் அளக்கவில்லை. செயற்கைக்கோள் மழை பத்தில் ஒரு பாகைக் கட்டத்தில், அரை மணிக்கொருமுறை கிடைக்கிறது. ஆனால் மலைச்சரிவில் பெய்யும் மழையை அது குறைத்துக் காட்டும் வழக்கம் உண்டு. 28 கி.மீ. கட்டத்தின் மழையை 30 மீட்டர் கட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் கோப்பு பெரிதாகும், வரைபடம் அழகாகும். மழையைப் பற்றிப் புதிதாக ஒரு செய்தியும் கிடைத்துவிடாது. மண் வரைபடமும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் 'செம்மண்' என்று ஒரே நிறம் தீட்டியிருந்தால் அதை ஒன்பது கோடிக் கட்டங்களுக்குப் பகிர்ந்தாலும் அது ஒரே செம்மண்தான்.

தரவில் இருக்கும் ஓட்டையைக் காரணிகள் அடைக்கின்றன. மண் எவ்வளவு வேகமாக நீரை விடும், ஆற்றுப் படுகை எவ்வளவு சொரசொரப்பு போன்ற எண்களை எல்லா இடத்திலும் அளக்க முடியாது. மத்திய நீர் ஆணையம் பிலிகுண்டுலுவிலும் கொடுமுடியிலும் முசிறியிலும் அளந்த நீரோட்டத்தோடு மாதிரியின் விடை ஒத்துப்போகும்வரை அந்த எண்களைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். எவ்வளவு ஒத்தது என்பதற்கு 1970இல் நாஷும் சட்கிளிஃபும் கொடுத்த மதிப்பெண் உண்டு. ஒன்று என்றால் முழுப் பொருத்தம். சுழி என்றால், மாதிரியை விட்டுவிட்டுச் சராசரி நீரோட்டத்தையே தினமும் சொல்லியிருந்தாலும் அதே அளவு சரியாக இருந்திருக்கும் என்று பொருள். ஆனால் ஒரே மதிப்பெண்ணை முற்றிலும் வேறுபட்ட எண்களின் சேர்க்கைகளும் வாங்கும். ஆவியாதலைக் கூட்டி ஊடுருவலைக் குறைத்தாலும் முசிறியில் அதே வளைகோடு வரும். கட்டங்கள் பெருகப் பெருக, திருக வேண்டிய எண்களும் பெருகுகின்றன. சரிபார்க்க இருக்கும் அளவீட்டு நிலையங்களோ அதே கைவிரல் கணக்குதான்.

ஒரு கட்ட அளவில் திருகிச் சரிசெய்த எண்கள் வேறு கட்ட அளவுக்குச் செல்லாது என்பது இன்னொரு தொல்லை. தொட்டபெட்டாச் சரிவு கரைந்துபோன இழப்பை ஈடுகட்டவே அந்த எண்கள் வளைந்து கொடுத்திருக்கும். சரிவு திரும்ப வந்தால் அவை மிகையாகிவிடும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் லூயிஸ் சமனியேகோவும் கூட்டாளிகளும் 2010இல் இதற்கு ஒரு வழி வெளியிட்டார்கள். காரணிகளை நேரடியாகத் திருகாமல், மண்ணின் களிமண் பங்கு, சரிவு போன்ற நுண்ணிய தரவிலிருந்து காரணிகளைப் பெறும் சூத்திரத்தை மட்டும் திருகுவது. பிறகு அவற்றை வேண்டிய கட்ட அளவுக்குத் தொகுத்துக்கொள்வது. ஒருமுறை சரிசெய்தால் சிறிய கட்டத்திலும் பெரிய கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே விடை வரும். கட்ட அளவுச் சிக்கலுக்கு இதுவரை வந்த விடைகளில் இதையே உருப்படியானது என்று சொல்லலாம்.

இதுவரை சொன்னது மனிதர் கை வைக்காத ஆற்றுக்கு. காவிரியோ உலகில் அதிகம் கட்டியாளப்படும் ஆறுகளில் ஒன்று. கிருஷ்ணராஜ சாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி, மேட்டூர், பவானிசாகர், அமராவதி ஆகிய அணைகள் எப்போது எவ்வளவு திறக்கும் என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. மேட்டூர் மட்டுமே 93.47 டி.எம்.சி. கொள்ளும், நிரம்பினால் 150 சதுர கி.மீ. பரப்பில் நீர் நிற்கும். கால் பாகைக் கட்டத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு. அதற்குத் தனியாக ஒரு கணக்கு எழுதிவிடலாம். எழுத முடியாதவை ஏரிகள். தமிழ்நாட்டில் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உண்டு. ஒன்றின் கலிங்கு வழிந்தால் அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. பருவத்தின் முதல் மழைகளை இவை விழுங்கிவிடும். அரை சதுர கி.மீ. ஏரி ஒன்று ஒரு கி.மீ. கட்டத்தில் பாதியாகத் தெரியும், 28 கி.மீ. கட்டத்தில் தூசிகூட இல்லை. எனவே பெரிய கட்டத்தில் ஒரு வட்டார ஏரிகள் அனைத்தையும் ஒரே கற்பனை ஏரியாகச் சேர்த்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிந்த ஏரியை அழித்துக் கற்பனை ஏரி வெட்டுவது விநோதமாக இருந்தாலும், மாதக் கணக்குக்கு அது போதுகிறது.

கல்லணையைத் தாண்டினால் மாதிரிகள் வழக்கமாகத் திணறும். மேடு பள்ள வரைபடத்திலிருந்து ஆற்றை வரையும் பொதுவான முறை, ஒவ்வொரு கட்டத்தின் நீரையும் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் மிகச் சரிவாக இறங்கும் ஒன்றுக்கு மட்டும் அனுப்புகிறது. துணையாறுகள் சேரும் இடமெல்லாம் இது சரியாக வரும். டெல்டாவில் ஆறு பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய், பிறகு நூற்றுக்கணக்கான கிளைகளும் வாய்க்கால்களும். ஒரே வழி காட்டத் தெரிந்த கணக்குக்கு இது பிடிபடாது. போதாததற்கு நிலம் தட்டை. கல்லணையிலிருந்து கடல்வரை நூறு கி.மீ.க்கு மேல் போயும் அறுபது மீட்டர் அளவே இறங்குகிறது. விண்வெளி ஓடத்தின் ரேடார் உயரங்களில் பல மீட்டர் பிழை சாதாரணம். தென்னந்தோப்பின் உச்சியையும் தரை என்றே பதிந்திருக்கும். இங்கே கட்டத்தைச் சிறிதாக்குவதால் பயனே இல்லை. தேவை உயரத்தின் துல்லியம். அதற்கு விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளக்க வேண்டும்.

கணினிச் செலவையும் பார்க்க வேண்டும். வெள்ளம் நிலத்தில் பரவுவதைக் கணக்கிடும் பல முறைகளில், ஒரு காலப்படிக்குள் அலை ஒரு கட்டத்துக்கு மேல் தாண்டக் கூடாது. 1928இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணிதர்கள் காட்டிய நிபந்தனை இது. மீறினால் கணக்கு வெடித்துச் சிதறும். அலை நொடிக்கு மூன்று மீட்டர் போனால், ஒரு கி.மீ. கட்டத்துக்கு ஐந்தரை நிமிடத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் போதும். முப்பது மீட்டர் கட்டத்துக்குப் பத்து நொடிக்கு ஒருமுறை. கட்டங்கள் ஆயிரத்து நூறு மடங்கு, காலப்படிகள் 33 மடங்கு. ஆக வேலை முப்பத்தேழாயிரம் மடங்கு. வெள்ளம் வந்து போன பிறகு முடியும் முன்னறிவிப்பால் யாருக்கும் பயனில்லை. சென்னைக்காக 2015 வெள்ளத்துக்குப் பின் உருவாக்கப்பட்ட வெள்ள எச்சரிக்கை அமைப்பில் பலவகை மழை, கடல் ஓத நிலைகளுக்கான வெள்ளக் காட்சிகளை முன்கூட்டியே கணக்கிட்டு அடுக்கி வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான். நாள் வந்ததும் நிலைமைக்கு நெருங்கியதை எடுத்துக்கொள்ளலாம்.

2011இல் எரிக் வுட்டும் பலரும் சேர்ந்து, உலகம் முழுவதையும் ஒரு கி.மீ. அல்லது அதற்கும் நுண்ணிய கட்டத்தில் கணக்கிடுவது நீரியலின் அடுத்த பெரும்பணி என்று அறைகூவினார்கள். பெவனும் ஹன்னா க்ளோக்கும் உடனே மறுத்து எழுதினார்கள். தரவும் அறிவும் இல்லாத இடத்தில் கட்டத்தை மட்டும் சுருக்குவது அறியாமையை நுண்ணிய அளவில் அச்சடிப்பதாகும் என்ற பொருளில் அவர்கள் வாதம் இருந்தது. இரு தரப்பும் ஓரளவு வென்றிருக்கின்றன. 2016 ஆகஸ்டில் அமெரிக்கா தொடங்கிய தேசிய நீர் மாதிரி, மண்ணை ஒரு கி.மீ. கட்டத்திலும், சரிவில் நீர் ஓடுவதை 250 மீட்டர் கட்டத்திலும், ஆறுகளை 27 லட்சம் துண்டுகளாகவும் வைத்துக் கணக்கிடுகிறது. ஒரே மாதிரிக்குள் மூன்று அளவுகள். ஐரோப்பாவின் உலகளாவிய வெள்ள முன்னறிவிப்பு 2023இல் பத்தில் ஒரு பாகையிலிருந்து இருபதில் ஒரு பாகைக்கு இறங்கியது. தரவு அடர்த்தியாக உள்ள இடங்களில் முன்னேற்றம் தெரிகிறது. மழைமானிகள் அரிதான இடங்களில் புதிய கட்டங்கள் பழைய பிழையையே சுமக்கின்றன.

ஆக எந்தக் கட்டம் என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கும். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்க வேண்டும்; மாத வாரியாக அட்டவணை உண்டு. பருவமழை குறைந்தால் எந்த மாதம் எவ்வளவு வரும் என்று கணிக்க, முகட்டு மழையைச் சரியாகக் கொடுத்த கால் பாகை மாதிரி போதும். மாதம் முழுவதையும் கூட்டும்போது ஒருநாள் முன்பின் வந்த வெள்ளம் தன்னாலே அடங்கிவிடும். கொள்ளிடத்தில் உச்சி வெள்ளம் எந்த மணிக்கு வரும் என்ற கேள்விக்கு ஒரு கி.மீ. கட்டமாவது வேண்டும், அணைத் திறப்பு மணிக்கணக்கில் வேண்டும். சென்னை அடையாற்றின் வடிநிலமோ ஏறக்குறைய கால் பாகைக் கட்டம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். சைதாப்பேட்டையில் எந்தத் தெரு மூழ்கும் என்று கேட்பவருக்குச் சில மீட்டர் கட்டமும், பாலங்களின் கண்களும், வடிகால்களின் குறுக்களவும் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மாதிரியில் ஒரே கட்டத்தில் செய்ய முயன்றால் மூன்றும் கெடும்.

பருவநிலை மாற்றத்தால் 2050 வாக்கில் காவிரியில் என்ன நீர் வரும் என்ற கேள்வியில் கட்டம் மேலிருந்தே பெரிதாக வருகிறது. உலகப் பருவநிலை மாதிரிகள் பலவற்றில் கட்டம் நூறு கி.மீ. அளவு. அதில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு தாழ்ந்த திட்டு. மலையில் மோதி மழை கொட்ட அங்கே மலையே போதாது. வட்டார மாதிரிகள் கொண்டு அதை 50, 25 கி.மீ. என்று சுருக்கி, பழைய அளவீடுகளோடு ஒப்பிட்டுப் பிழை நீக்கி, பிறகே நீரியல் மாதிரிக்குக் கொடுக்கிறார்கள். ஒரு பருவநிலை மாதிரி மழை கூடும் என்னும். இன்னொன்று குறையும் என்னும். இந்த இடைவெளி, நீரியல் மாதிரியின் கட்டத்தைச் சிறிதாக்குவதால் வரும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். அதனால் இந்த வேலையில் இறங்கும் குழுக்கள் ஒரு பருவநிலைக் கணிப்பை 90 மீட்டர் கட்டத்தில் ஓட்டுவதைவிட, பத்து இருபது கணிப்புகளைக் கால் பாகைக் கட்டத்தில் ஓட்டி, விடைகள் எந்த எல்லைக்குள் விழுகின்றன என்று பார்க்கவே கணினி நேரத்தைச் செலவிடுகின்றன.